அச்சேறிய முட்டமாலை

சுஹரா ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு புத்தகத்தை மேஜைமேல் போட்டாள். மலபார்ப் பழைய சமையல் குறிப்புகளின் தொகுப்பு, புத்தம் புதிது. விரித்து வைத்த பக்கத்தில் அவளுடைய தறவாட்டின், தாய்வழிக் குடும்பத்தின், பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே, அவள் உம்மாவின் முட்டமாலை, முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரைப் பாகில் நூலாக விட்டெடுக்கும் இனிப்பு.

"இது எங்க வீட்டைத் தாண்டிப் போகாத பண்டம், டீச்சர். என் தம்பி பொண்டாட்டி வித்துட்டா. வித்ததும் போதாம, வயித்தெரிச்சலைக் கொட்டிக்க ஒரு பிரதியை எனக்கே தபால்ல வர வச்சிருக்கா" என்றாள்.

மறியம்பி டீச்சர் பள்ளியில் ரசாயனம் நடத்தி ஓய்வு பெற்றவர். பழைய சமையல் புத்தகங்களைத் தேடிப் பிடிப்பதில் தலச்சேரியில் அவரை மிஞ்ச ஆளில்லை. யார் வீட்டுப் பரணில் எந்தக் காலத்துக் குறிப்பு கிடக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. அங்கெல்லாம் அவரை ஆட்டோவில் கொண்டு சேர்ப்பவன் ஹாஷிம். நாற்பது வயதுக்காரன். வாடகையைவிடப் போகிற வீட்டில் தட்டில் வைப்பதன்மேல்தான் அவனுக்குக் கண். துப்புத் துலக்குவதில் தானும் சளைத்தவனல்ல என்பது அவனது நெடுநாள் எண்ணம். அந்த எண்ணத்துக்கு இன்னும் ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். காலமான உம்மா தன் கையால் எழுதிய குறிப்பேடு சுஹராவின் அலமாரியில் இருந்தது. செய்முறை மனப்பாடம் என்றாலும் உம்மாவின் எழுத்தைப் பார்க்காமல் அவளுக்குக் கை ஓடாது. பெருநாளுக்குத் தம்பி கலீலும் அவன் மனைவி ரம்லத்தும் விருந்துக்கு வந்து போனார்கள். மறுநாள் ஏட்டைக் காணோம். சில வாரம் கழித்து இந்தப் புத்தகம் வந்து இறங்கியது. அடுத்த வாரம் சுஹராவின் மகளுக்கு நிக்காஹ். ரம்லத் படியேறக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். அப்படியானால் நானும் வரமாட்டேன் என்று கலீல் சொல்லிவிட்டான். தாய்மாமன் இல்லாமல் கல்யாணமா என்று ஊர் சிரிக்கும். கூடப் பிறந்தது ஒரே தம்பி என்று சொல்லும்போது சுஹராவின் குரல் இறங்கிப்போனது.

டீச்சர் பக்கத்தை நிதானமாகப் படித்தார். "இதுல தாரா முட்டை, அதான் வாத்து முட்டை, சேர்க்கச் சொல்லியிருக்கே. உங்க வீட்டுல சேர்ப்பீங்களா?"

"எங்க ஏட்டுல கோழி முட்டை மட்டும்தான். திருட்டு மாட்டுக்குக் கொம்பைச் சீவி விடுவாங்கல்ல, அந்த மாதிரி அடையாளம் தெரியாம இருக்க ஒண்ணைச் சேர்த்து விட்டிருக்கா."

ஹாஷிமுக்கு இந்த விளக்கம் மிகவும் பிடித்துப்போனது. வழக்கு முடிந்தது என்றே நினைத்தான்.

அன்று மாலை சுஹராவின் வீட்டுக்குப் போனார்கள். அவள் கணவர் அசைனார் முன்கூடத்துச் சாய்வு நாற்காலியில் இருந்தார். முப்பது வருஷமாக அந்த வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. இன்னும் நேற்று வந்த புதியாப்பிளை போலத்தான் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். 'சாயா குடிங்க' என்பதற்குமேல் அவர் பேசவில்லை. அலமாரிப் பூட்டு உடைபடவில்லை. சாவி எப்போதும் கதவோரத்து ஆணியில் தொங்கும் என்றாள் சுஹரா. ஏடில்லாமல் தயங்கித் தயங்கிச் செய்த முட்டமாலை தட்டில் வந்தது. இழைகள் வெளிறிய மஞ்சளில், தொட்டால் ஒடிந்தன. ஹாஷிம் அதற்காகக் கையை நிறுத்தவில்லை.

உம்மா எப்படிச் செய்வார் என்று டீச்சர் கேட்டார். முட்டையை உடைத்து மஞ்சள் கருவைப் பிரிப்பதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு செய்வாராம், கண்ணேறு படுமென்று. பிறகு மகளைக் கூப்பிடுவாராம். பாகு காய்ச்சுவதும் தேங்காய்ச் சிரட்டைத் துளை வழியாக இழை விடுவதும் சுஹராதான்.

சாமான் வாங்குவது யார் என்றும் டீச்சர் கேட்டுவைத்தார். அந்தக் கேள்வியில் சுஹராவுக்குப் பெருமை பொங்கியது. அந்த வீட்டுப் பெண்கள் யாரும் சந்தை வாசலை மிதித்ததில்லையாம். கல்யாணம் ஆன நாள் முதல் மீனிலிருந்து மிளகுவரை எல்லாம் அசைனார்தானாம்.

மறுநாள் மாஹியில் ரம்லத்தின் தாய்வீட்டுக்குப் போனார்கள். இந்தப் பக்கத்து வழக்கப்படி கலீலும் அங்கேதான் குடியிருந்தான். ரம்லத்தின் கண் சிவந்திருந்தது. அவளும் முட்டமாலை வைத்தாள். கல்யாணமான புதிதில் மாமியாரின் ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்ட முறை. அதே வெளிறல், அதே ஒடிசல்.

"அந்தப் படி ஏறாதேன்னா ஏறல, டீச்சர். ஆனா கள்ளின்னு பேர் வச்சு நிறுத்தினா எப்படித் தாங்குறது?"

அவள் நடிக்கிறாள் என்றே திரும்பும் வழியெல்லாம் ஹாஷிம் சாதித்தான். டீச்சர் சந்தையில் இறங்கித் தாரா முட்டை வாங்கினார். வீட்டுக்கு வந்து புத்தகத்தில் உள்ளபடியே செய்தார். பாகிலிருந்து எழுந்தது செம்மஞ்சள் இழை, அறுபடாமல் நீளமாக. ஹாஷிம் ஒரு வாய் போட்டதும் பேச்சை மறந்தான். சின்ன வயதில் ஒரு கல்யாணப் பந்தலில் சுஹராவின் உம்மா செய்ததைத் தின்றிருக்கிறான். இது அதுவேதான்.

பிறகு டீச்சர் புத்தகம் தொகுத்தவரைத் தொலைபேசியில் பிடித்தார். குறிப்புத் தந்தது யார் என்று அவர் வாய் திறக்கவில்லை. தந்தவர் பணம் கேட்கவில்லை, பிரதி ஒன்றைச் சுஹராவின் பேருக்கே அனுப்பச் சொன்னார் என்று மட்டும் சொன்னார். அச்சு வேலை தாமதமாகி, பெருநாளுக்கு வரவேண்டிய புத்தகம் தள்ளிப்போனதாம்.

அடுத்த நாள் சுஹராவின் முன்கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்தார் டீச்சர். கலீல் வந்திருந்தான். ரம்லத் வரவில்லை. அசைனார் அதே நாற்காலியில் இருந்தார்.

"ஏட்டைத் திருடி அச்சடிச்சிருந்தா, அச்சுல ஏட்டுல உள்ளதுதானே இருக்கணும்? இதுல இருக்கிறது உன் உம்மாவோட நிஜமான கைப்பக்குவம், சுஹரா. ஏட்டுல இருந்தது இரவல் குடுக்கிறதுக்குன்னு எழுதினது" என்றார் டீச்சர்.

சுஹரா நிமிர்ந்தாள். டீச்சர் குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார். இந்த ஊரில் பக்குவம் கேட்டவருக்கு இல்லையென்பது மானக்கேடு. அதனால் எல்லோரும் கொடுப்பார்கள், ஒன்றை விட்டுவிட்டுக் கொடுப்பார்கள். அவர் தேடிப் பிடித்த ஏடுகளில் பாதி அப்படித்தான். உம்மா விட்டது தாரா முட்டையை. மருமகளுக்கும் அதைச் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை.

"எனக்குமா?" என்றாள் சுஹரா. அவள் முகம் விழுந்துவிட்டது. ஹாஷிமுக்குப் பாவமாக இருந்தது.

"உன் முட்டமாலையும் ரம்லத்தோடதும் ஒரே மாதிரிதான் ஒடியுது. அப்ப தாரா முட்டை யாருக்குத் தெரியும்? கதவைச் சாத்தினாலும், அதைச் சந்தையிலேர்ந்து ஒருத்தர் வாங்கிட்டு வந்துதானே ஆகணும்?"

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். அசைனார் எழுந்து போய்த் தன் அறையிலிருந்து குறிப்பேட்டைக் கொண்டுவந்து மனைவியின் மடியில் வைத்தார்.

"உன்கிட்ட வாயால சொல்ல மாட்டேன்னு உம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. கேட்டவங்களுக்கெல்லாம் நீ குடுத்துடுவேன்னு பயம். உம்மா மாதிரி வரலேன்னு ஆளாளுக்குச் சொல்லும்போதெல்லாம் உன் மூஞ்சி வாடுறதைப் பார்த்துட்டே இருந்தேன். அச்சுல வந்தா நீயே படிச்சுக்குவேன்னு நினைச்சேன். ஏடு இருந்தா அதைத்தான் பார்ப்பே, அதான் எடுத்து ஒளிச்சேன். புத்தகம் பெருநாளுக்கே வந்துடும்னாங்க."

முப்பது வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. கலீலின் கோபம்கூட ஒரு கணம் தடுமாறியது. சுஹரா ஏட்டைத் திறக்கவில்லை. உம்மா நம்பவில்லை என்பது ஒருபுறம் எரிந்தது. இந்த மனுஷன் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது இன்னொருபுறம் என்னவோ செய்தது. ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது வேறு.

"எனக்காகச் செஞ்சீங்க, சரி. ரம்லத்தை நான் கள்ளின்னு சொன்னப்ப இதே நாற்காலியிலதானே இருந்தீங்க? அப்ப எந்தச் சத்தியம் உங்க வாயை அடைச்சது?"



சுஹரா எழுந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவரைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"மாஹிக்குப் போய் நீங்களே அவகிட்ட சொல்லுங்க. நான் பேசினதுக்கு நான் தனியா மன்னிப்புக் கேட்டுக்கிறேன். அவ இந்தப் படி ஏறின பிறகு நீங்க ஏறினா போதும். அதுவரைக்கும் உங்க உம்மா வீட்டுல படுத்துக்குங்க."

அறுபது வயதுப் புதியாப்பிளையை மாமியார் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பியதாக அந்தத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அசைனார் செருப்பை மாட்டிக்கொண்டு மெல்ல இறங்கினார். ஹாஷிம் ஓடிப்போய் ஆட்டோவைக் கிளப்பினான். வாடகை கேட்பதா வேண்டாமா என்று அவனுக்குப் பெரிய குழப்பம்.

மாஹியில் ரம்லத் அவரை உட்காரச் சொன்னாள். சொல்வதை முழுதும் கேட்டாள். உள்ளே போனவள் சாயாவும் கொண்டுவரவில்லை, திரும்பியும் வரவில்லை. மாப்பிள்ளைகளைத் தாங்கு தாங்கென்று தாங்கும் ஊரில், அந்திவரை வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார் அசைனார். விளக்கேற்றும் நேரத்தில் அவள் பர்தாவைச் சரிசெய்தபடி வெளியே வந்தாள். ஆட்டோவில் ஏறிப் பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தாள். அவரை ஹாஷிமுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொள்ளச் சொன்னாள்.