கெங்கம்மா வீட்டு வாசல்

கெங்கம்மா வீட்டு வாசலில் செருப்பைக் காணோம்.

அந்த வீட்டில் ஆளே கிடையாது. செருப்பை அங்கே விட்டுவைத்தது எதிர்வீட்டுத் தேவானைதான். ஆற்றோரத்து அந்த நாலு மாடிக் குடியிருப்பில் முதலில் மாடிப்படி பல்பு ஒன்று உடைந்தது, மாற்ற நாதியில்லை. அப்புறம் படிக்கட்டில் குப்பை, குப்பைமேல் பாட்டில், பாட்டிலைத் தேடி வந்த கண்ட கழிசடைகள். பாதி ஜனத்தைச் சர்க்கார் ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்புக்கு அனுப்பியதும், காலி வீடுகளின் ஜன்னல், குழாய், கதவு எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போயின. போன மாசம் கீழ்வீட்டுக்காரி ஒருத்தியை எவனோ கத்தியால் கிழித்துவிட்டு ஓடினான். கேட்க ஒரு நாய் வரவில்லை.

மூன்றாம் மாடியில் மிஞ்சியது தேவானையும் மகள் முத்துமாரியும் மட்டும். கெங்கம்மாவும் புதுக் குடியிருப்புக்குப் போகும்போது தன் வீட்டுச் சாவியைத் தேவானை கையில் திணித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

"தெனம் என் வாசல்ல ஒரு கோலம் போடு. பழைய செருப்பு ஒண்ணு வுட்டு வை. ஆள் கீற வூடுன்னு நெனச்சா எவனும் கை வைக்க மாட்டான்."

தேவானை ஒருநாள்கூட விடவில்லை. வயசுப் பெண்ணைத் தனியே விட்டுவிட்டு அடையாற்றுக்கு வீட்டுவேலைக்குப் போகிறவளுக்கு வேறு என்ன காவல் இருக்கிறது?

இப்போது விளக்கு வைக்கிற நேரம். கரண்ட் இல்லை. படியேறி வந்தவளின் மூக்கில் ஆற்றுச் சேற்று நாற்றத்தோடு கருவாட்டுக் குழம்பு வாசனையும் கலந்து அடித்தது. கெங்கம்மா வாசலில் காலையில் அவள் போட்ட கோலம், பலபேர் போவதும் வருவதுமாக மிதித்ததுபோல் கலைந்து கிடந்தது. பூட்டு மட்டும் பூட்டியபடி தொங்கியது. சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. கதவுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

மகளை இழுத்துக்கொண்டு இந்த நிமிஷமே கிளம்பிவிட வேண்டும் என்று தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

அவள் வாசலில் புதுக் கோலம். அவள் போடாதது. ஓரத்தில் அந்தப் பழைய செருப்பு. ஜோடியாக, ஒழுங்காக. காலி வீட்டுக்கு அவள் வைக்கிற மாதிரியே.

தொட்டதும் கதவு திறந்தது. உள்ளே அடுப்பு இல்லை. பாய் இல்லை. ஜன்னல் இருந்த இடத்தில் ஓட்டை. காலடியில் புழுதி. பல மாசத்துப் புழுதி.

"முத்து..."

முணுமுணுப்பாகத்தான் கூப்பிட்டாள். ஆனாலும் பதில் வந்தது. பின்னாலிருந்து. எதிர்வீட்டுப் பூட்டிய கதவுக்குள்ளிருந்து.

"யம்மா, அங்க இன்னா நின்னுகினு கீற? அது காலி வூடு. இங்க வா. எல்லாரும் இங்கதான் கீறோம்."

திரும்பினாள்.

உளுத்துப்போன கதவின் அடிச்சந்து வழியே ஒரு கை வெளியே நீண்டது. மகளுக்கு அவளே வாங்கிப் போட்ட பச்சை வளையல். விரலெல்லாம் கோலமாவு. பக்கத்தில் இன்னொரு கை. இன்னொன்று. எல்லாம் சேர்ந்து, தேவானை தன் செருப்பைக் கழற்றி விடுவதற்கு, வாசலில் இடம் துடைத்துக்கொண்டிருந்தன.