பிரேக்குக்கு இரண்டு பேர்

அந்தச் சிவப்பு நிறக் கார் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் தெருவில் மிக நிதானமாகத்தான் வந்தது. நிதானமாகவே வேலியை இடித்து, முருங்கைக் கன்றைச் சாய்த்துவிட்டு நின்றது. பால் செம்போடு வாசலில் நின்றிருந்த மங்கையர்க்கரசிக்கும் அதற்கும் நடுவே இரண்டு அடி இடைவெளிதான் மிச்சம்.

"பார்த்து வரக் கூடாதா?"

"பார்த்துத்தாங்க வந்தேன். பிரேக்தான் பிடிக்கல."

"பிரேக் பிடிக்காத வண்டிய எதுக்கு வெளிய எடுத்தீங்க?"

"வீட்டு வாசல்ல பிடிச்சுதே..."

அது 1979, ஜூன் மாதத்து முதல் தூறல். கூரையில்லாத காரில் முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தவன் உலகநாதன். பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் எஞ்சினியர், பக்கத்து மல்காஜ்கிரியில் ஒற்றை அறை வாசம். ஓய்வு பெற்ற ஒரு ராணுவ டாக்டரிடமிருந்து இருபத்தைந்து வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, ஞாயிறுதோறும் தானே பிரித்துத் தானே மாட்டுபவன். ஆசைக்கு அளவில்லை, கைப்பழக்கம்தான் கொஞ்சம் குறைவு.

இறங்கியதும் காருக்கு அடியில் படுத்துவிட்டான். பின்சக்கரத்தின் உட்புறம் பிரேக் ஆயிலைத் திறந்துவிடும் சின்னத் திருகாணியில் ஸ்பானரைப் போட்டு முறுக்கினான். அது வழுக்கியது.

"நக்கோ... நக்கோ, வேணாம் விடுங்க. அது மில்லிமீட்டர் ஸ்பானர். வெள்ளைக்காரன் வண்டிக்கு இஞ்ச் கணக்கு. இன்னும் ரெண்டு திருப்பு திருப்புனா முனையெல்லாம் மழுங்கிடும்."

காருக்கு அடியிலிருந்து ஒரு தலை நீண்டது. மேலே பார்த்தான். மழைத்துளி ஒன்று அவள் இமை நுனியில் நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்களில் கோபம் இருந்தது. கோபத்துக்குப் பின்னால் சிரிப்பும் இருந்தது... அதை அவன் பார்த்துவிட்டான் என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரயில்வே ஒர்க்ஷாப் டூல் ரூம்ல கிளார்க்குங்க. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஸ்பானர்தான் எடுத்துக் குடுக்கறேன்."

உள்ளே போய், அப்பாவின் பெட்டியிலிருந்து சரியான ஸ்பானரை எடுத்து வந்தாள். ஆனால் கையில் தரவில்லை. டூல் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கொடுத்தால்தான் கருவி; கருவி திரும்பினால்தான் வில்லை. ஃபோர்மேனுக்கும் அதே விதிதான்.

"வில்லை வைங்க."

வில்லைக்கு எங்கே போவான்? சட்டைப் பையைத் துழாவி, கையில் அகப்பட்ட அட்டையை நீட்டினான். தன் ஆபீஸ் பாஸ்... திங்கட்கிழமை என்று ஒன்று வரப்போவதை யோசிக்கவே இல்லை.

திங்கட்கிழமை வந்தது. பாஸ் இல்லாதவனைக் கேட் ஹவில்தார் உள்ளே விடவில்லை. நாலு வருடமாகத் தினமும் சல்யூட் வைக்கிற அதே ஹவில்தார். உலகநாதன் இரண்டு பஸ் மாறி, மதியச் சங்கு ஊதும் நேரத்துக்கு ஒர்க்ஷாப் வாசலில் வந்து நின்றான்.

"ஸ்பானர் எங்கே?"

"வீட்ல..."

ஸ்பானர் இல்லாமல் வில்லை கிடையாது. மூன்று வருட வேலையில் அந்த விதியை அவள் யாருக்கும் தளர்த்தியதில்லை. அன்றைக்குத் தளர்த்தி, பாஸைத் திருப்பிக் கொடுத்தாள். ஏன் என்று ராத்திரி படுத்த பிறகுதான் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்த கேள்வி என்பதால் தூக்கம் வரவில்லை.

அப்புறம் ஞாயிறு தவறாமல் சிவப்புக் கார் வந்தது. ஒரு வாரம் பிளக் சுத்தம் செய்தான். மறுவாரம் எஞ்சின் ஆயில் மாற்றினான். வேலிக்குப் புதுக் கழி நட்டான். அவள் அம்மா தாயம்மாள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். பெற்றவளுக்குத் தெரியாதா என்ன?

ஆகஸ்ட் மாத ஞாயிறு ஒன்றில், கையைத் துணியில் துடைத்தபடி உலகநாதன் அவளிடம் மெதுவாகச் சொன்னான். "நாம கல்யாணம் பண்ணிக்கலாம். அதுக்கப்புறம் நீங்க இந்த கிரீஸ் வாடையில கஷ்டப்பட வேணாம். வேலைய விட்டுடலாம். மல்காஜ்கிரியிலயே நல்ல வீடா நான் பார்க்கறேன்."

ஒரு வாரம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள். அவள் முகம் மலரும் என்று நினைத்தான். அது வாடியது.

"ஒர்க்ஷாப்புல கிரேன் சங்கிலி அறுந்து எங்கப்பா போயிட்டாரு. அதுக்காகக் குடுத்த வேலைங்க இது. வேலைய விட்டா குவார்ட்டர்ஸும் போயிடும். எங்கம்மா எங்க போவாங்க? உங்க வண்டியில ரெண்டு பேருக்குத்தான் எடம்... நீங்க யோசிக்கறதும் அப்படித்தான் இருக்கு."

நல்லது நினைத்துச் சொன்னதற்கு இப்படியா என்று அவனுக்குச் சுருக்கென்றது. அவளிடம் வாங்கிய ஸ்பானரை வாசல் திண்டில் வைத்தான். திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்று ஞாயிறு அவன் வரவில்லை. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அவள் கை வேலையை நிறுத்தியது. நான் கேட்டதில் தப்பில்லை... தப்பில்லை என்று சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தாள்.

நாலாவது ஞாயிறு, கொட்டுகிற மழையில் கார் வந்தது. முதல் கியரில், ஹேண்ட் பிரேக்கை இழுத்து இழுத்து, நடக்கிற வேகத்தில். வேலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"பிரேக் ரப்பரெல்லாம் புதுசா மாத்திட்டேன். ஆயில்ல காத்து பூந்துருக்கு. ஒரு ஆள் பெடலை மிதிக்கணும், ஒரு ஆள் கீழ படுத்து திருகாணியத் திறந்து காத்த வெளியேத்தணும். தனியா மூணு வாரம் பார்த்தேன், முடியல..."

"பக்கத்து ரூம்ல ஆளே இல்லையா?"

"இருக்காங்க. அவங்களை நான் கூப்பிடல."

அவள் ஏறி உட்கார்ந்து பெடலில் கால் வைத்தாள். அவன் அடியில் படுத்தான்.

"மிதிங்க... அப்படியே வைங்க." திருகாணி திறந்தது. அவள் கால் மெல்ல இறங்கியது. அவன் மூடினான். "இப்ப எடுங்க."

பத்து முறை, பதினைந்து முறை. மழை சற்று ஓய்ந்தது. அவன் குரல் மட்டும் கீழேயிருந்து வந்தது.

"மல்காஜ்கிரி ரூமைக் காலி பண்ணிடலாம்னு இருக்கேன். நீங்க வேலைய விட வேணாம். இந்த வீட்ல, உங்க ரெண்டு பேரோட எனக்கும் எடம் இருக்குமா?"

அவள் கால் பெடலிலேயே நின்றது. "வீட்டோட மாப்பிள்ளைன்னு ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"சிரிப்பாங்க. அந்த வெட்கத்துலதான் மூணு வாரம் வீணாப் போச்சு. எங்க அப்பாவுக்கும் கடுதாசி போட்டேன். பதில் வரல... கோவமாத்தான் இருப்பாரு. இருந்தாலும் எனக்கு நீங்க வேணும் மங்கை. உங்களை உங்க அம்மாகிட்டேருந்து பிரிச்சுத்தான் கூட்டிட்டுப் போகணும்னா, அது எனக்கு வேணாம்."

சொல்லி முடித்த பயத்தில் வெளியே தலையை நீட்டினான். அவள் பெடலில் கால் வைத்தபடியே அழுதுகொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீங்க திரும்பிப் பார்க்காம போனீங்களே... அப்பவே ஓடிவந்து கூப்பிட்டிருக்கணும். எனக்கும் திமிருதான். உங்களை நெனைக்காம ஒரு நாளும் தூங்கல நான்."

அவன் எழுந்திருக்கப் போனான்.

"படுங்க. இன்னும் மூணு சக்கரம் இருக்கு." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அம்மா... கொஞ்சம் வெளிய வாயேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."