கிணற்றின் மேல் ஒரு சுவர்

சிதம்பரத்திலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை விட்டு இறங்கி, ஜட்கா பிடித்து, லோகநாயகி திருப்பாதிரிப்புலியூர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, உள்ளே சுவர் இடிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது. செங்கல் தூசி அவளது வெள்ளைப் புடவையில் வந்து படிந்தது.

"வாம்மா, வா. சொன்னபடி இடிக்க ஆரம்பிச்சிட்டேன் பாரு. இனிமே ஒரே ஊடு. நீ உங்க அண்ணன் ஊட்டுல கையைக் கட்டிக்கிட்டு நிக்க வேணாம்" என்றார் தட்சிணாமூர்த்தி. செத்துப்போன அவர் தம்பி காசிநாதனின் மனைவி அவள்.

"உங்களுக்குப் பெரிய மனசு மாமா."

பெரிய மனசாம்! அந்த மனசின் லட்சணத்தைக் கேளுங்கள். அப்பா கட்டிய செங்கல் வீடு அது. அவர் கண்ணை மூடியதும், கூடத்து ஊஞ்சல் யாருக்கு என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை வந்து, பேச்சு முறிந்து, வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியது. கூடத்தைத் தாண்டிக் கொல்லைக்குப் போன சுவர் கிணற்றையும் விடவில்லை. அதன் வாய்க்குக் குறுக்கே தண்டவாளத் துண்டைப் போட்டு, அதன் மேலும் செங்கலை அடுக்கினார்கள். மேலே ஆளுக்குப் பாதிக் கிணறு, ஆளுக்கொரு ராட்டினம். கீழே தண்ணீர் மட்டும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறைத்தால் வாளியும் வாளியும் இடித்துக்கொள்ளும்.

ஒரு மார்கழியில், திருவாதிரை பார்க்க லோகநாயகி சிதம்பரத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். காசிநாதனுக்கு லேசான ஜுரம். அவள் போனபின் அது ஏறிவிட்டது. உச்சிப்பொழுதில் தட்சிணாமூர்த்தி குளிக்க வந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல் கிணற்றுக்குள் இறங்கி இந்தப் பக்கம் ஏறி வந்தது.

"அண்ணே... ஒரு வாய் தண்ணி... இறைக்க முடியலண்ணே..."

நன்றாகவே கேட்டது. "கெடக்கட்டும்" என்றார். அதே கிணற்றில் இறைத்து, வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு உள்ளே போனார். வேறென்ன, திமிர்தான். நாளைக்கு அவனே வந்து காலில் விழட்டும் என்ற நினைப்பு. ஊரிலிருந்து திரும்பிய லோகநாயகி, கயிற்றைக் கையில் சுற்றியபடி கிணற்றடியில் கிடந்த பிணத்தைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலியா மாமா?"

"சத்தியமா கேக்கலம்மா."

அன்றிலிருந்து அவருக்கு நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்கவில்லை. சுவரை எடுத்து, அவளைக் கூட்டிவந்து ராணி மாதிரி வைத்துக்கொண்டால் நெஞ்சின் கனம் குறையும் என்று நம்பினார். அவளுக்கு மட்டும் உண்மை தெரியாமல் இருந்தால் போதும்.

லோகநாயகி வந்து இறங்கிய அன்று, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கொத்தனார் பொன்னுரங்கம் முகம் வெளுத்து வந்தார்.

"ஐயா, தண்ணி இறைக்கறப்ப கீழ இன்னொரு வாளி இடிக்குதுங்க. அந்தப் பக்கம் ராட்டினத்தையே நேத்து கழட்டிட்டமே?"

"கல்லு கில்லு உழுந்திருக்கும். நீ போய் வேலையப் பாருய்யா."

சொன்னாரே தவிர, அவர் கிணற்றடியை விட்டு நகரவில்லை. கிணற்றின் மேலிருந்த சுவரைப் பிரிக்கப் பிரிக்க, உள்ளிருந்து பாசி வாடை வந்தது. அதோடு நிலவேம்புக் கஷாய வாடையும் வந்தது. ஜுரக்காரன் அறை மாதிரி இருந்தது கொல்லை. லோகநாயகி மெல்ல வந்து கிணற்றுக் கட்டையில் கை வைத்து நின்றாள்.

கடைசிச் செங்கல் கை தவறி உள்ளே விழுந்தது.

தண்ணீரில் விழுந்த சத்தமே வரவில்லை.

"அண்ணே..."

லோகநாயகியின் கை கட்டையை இறுகப் பிடித்தது.

"ஒரு வாய் தண்ணி... இறைக்க முடியலண்ணே..."

"ஐயோ, என்னங்க!" என்று அவள் கிணற்றுக்குள் குனிந்தாள்.

இத்தோடு நிற்கட்டும், சாமி, இத்தோடு நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டார் தட்சிணாமூர்த்தி.

நிற்கவில்லை.

அடியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. நோயில்லாத, கொஞ்சம் சலித்துக்கொண்ட குரல்.

"கெடக்கட்டும்."

அவருடைய குரல்.

பின்னாலேயே தண்ணீர் ஊற்றும் சத்தம், வாளி வாளியாக.

லோகநாயகி நிமிர்ந்தாள். அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.

"கேட்டிருக்கு" என்றாள்.

பிறகு பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"கொத்தனாரே, அந்தச் செவுத்தைத் திருப்பி வெச்சிடுங்க. எங்க ஊட்டுக்காரரு அந்தப் பக்கந்தான் இருக்காரு. நான் அங்கியே இருந்துக்கறேன்."

சுவர் மறுபடி எழும்பியது. அந்தப் பக்கம் ராட்டினமும் ஏறியது.

மறுநாள் காலை அவர் வாளியை இறக்கினார். நிறைந்து கனத்தது. ஆனால் சுவரடிக்கு ஏறும்போது கயிறு லேசாகிவிட்டது. வாளியின் வெளிப்புறம் ஈரம் சொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"வாளி சாயுது உங்களுக்கு, தள்ளுங்க" என்று அவர் மனைவி சௌந்தரம் இறைத்தாள். அவளுக்கு நிறைய வந்தது. அவர் இறைத்தால் மட்டும் என்றைக்கும் வரவில்லை. அவள் மொண்டு கொடுக்கிற தண்ணீரில்தான் அவர் பிழைப்பு ஓடியது.

மார்கழி பிறந்தது. சௌந்தரம் லோகநாயகியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு திருவாதிரைக்குச் சிதம்பரம் கிளம்பினாள்.

"ஒடம்பு லேசா சுடுது" என்றார் தட்சிணாமூர்த்தி.

"கஷாயம் வெச்சிருக்கேன், குடிங்க. கொடத்துலயும் தண்ணி இருக்கு. ரெண்டே நாள்ல வந்துடறோம்."

அந்தப் பக்கக் கதவை லோகநாயகி பூட்டுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் குடம் காலி. ஜுரம் ஏறிவிட்டது. உச்சிப்பொழுதில் சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். நாலு தரம் இறக்கினார். நாலு தரமும் வாளி காலியாகவே வந்தது. கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி..." என்றார் கிணற்றுக்குள். "ஒரு வாய் தண்ணிடா..."

பூட்டிக் கிடந்த அந்தப் பக்கத்தில் ராட்டினம் கிறீச்சிட்டது. ததும்பத் ததும்ப ஒரு வாளி மேலே ஏறியது. அவர் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு காத்திருந்தார்.

சுவருக்கு அப்பால், யாரோ நிதானமாக, வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.