ஐந்தாம் மாடியில் பசை வேலை

வாசனை முதலில் இனிப்பாகத்தான் வந்தது. அளவுக்கு மீறிப் பழுத்த வாழைப்பழத்தின் மேல் யாரோ நெயில் பாலிஷைக் கொட்டிவிட்டதுபோல. டெலிபோன் போர்டின் முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிரிஜெட், எவரோ டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தாள். இரண்டாவது முறை மூச்சை இழுத்தபோது அது தொண்டைக்குள் இறங்கி அங்கேயே ஒட்டிக்கொண்டது.

2002-ல் வைட்ஃபீல்டில் புதிதாக எழுந்திருந்த கண்ணாடிக் கட்டடங்களில் அதுவும் ஒன்று. ஐந்தாம் மாடியின் பெரிய ஹாலைக் கடந்து, அதன் கடைசி மூலையில் இருந்தது அவளுடைய அறை. ஜன்னல் கிடையாது. ஒரே கதவு, ஹால் பக்கமாகத் திறக்கும். சனிக்கிழமை மதியத்தோடு சாப்ட்வேர் ஆட்கள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஆபரேட்டருக்கு மட்டும் சாயங்காலம் வரை டூட்டி.

ஹாலுக்குப் புது கார்பெட் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததுமே அவள் டென்சிலைப் போய்ப் பார்த்திருந்தாள். கட்டடப் பராமரிப்பு முழுவதும் அவர் பொறுப்பு. தனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா, பசை வாசனை ஆகாது, வேலை தொடங்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கேட்டாள். அப்படியே அசோகனைப் பற்றியும் சொன்னாள். அசோகன் காண்ட்ராக்டரின் ஆள். அல்சூர்க்காரன். படியேறி வந்து நிற்கும்போது அவன் நெஞ்சில் ஒரு விசில் கேட்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும், அவள் நெஞ்சிலும் அதே விசில்தான். அவனைப் பசை வேலைக்கு விடாதீர்கள் என்றாள். டென்சில் இரண்டுக்கும் தலையாட்டினார். வேலை ஞாயிற்றுக்கிழமைதான், அசோகனை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்கிறேன் என்றார்.

இப்போது அவருக்கே போன் போட்டாள்.

“நாளைக்குத்தான் பிரிஜெட் வேலை,” என்றார். “இன்னிக்குப் பசை டப்பாவை மட்டும் மேல ஏத்தச் சொன்னேன். ஏதாவது லீக் ஆகியிருக்கும். கதவைச் சாத்திக்கோங்க, சரியா...”

பேச்சு பாதியில் அறுந்தது. போர்டில் இருந்த சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. ஏசி ஒரு முறை இருமிவிட்டு நின்றது. கரண்ட் போனால் உடனே கீழே ஜெனரேட்டர் உறும ஆரம்பித்துவிடும். அவள் காத்திருந்தாள். உறுமல் வரவில்லை. யாரோ மெயினை அணைத்திருக்கிறார்கள். பசையில் தீப்பொறி விழுமென்று பயந்துதான் அணைப்பார்கள். அப்படியென்றால் டப்பாக்களைத் திறந்தாகிவிட்டது.

நல்ல பகல் வேளையில் அந்த அறை கிணறுபோல இருண்டிருந்தது. கதவின் அடியில் மட்டும் மஞ்சளாக ஒரு கோடு. அந்தக் கோட்டின் வழியாகத்தான் வாசனை வந்துகொண்டிருந்தது. இப்போது இனிப்பு போய்விட்டது, நெருப்பில் விழுந்த ரப்பர்போலக் கண்ணை எரித்தது. சுவரைத் தடவிக்கொண்டே போய்க் கைப்பிடியைத் திருகினாள். திரும்பியது. கதவைத் தள்ளினாள். மூன்று விரல் அகலத்துக்குத் திறந்து, மெத்தென்று எதன்மேலோ முட்டி நின்றது.

கார்பெட் சுருள். கதவின்மேல் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அப்படித்தான் நினைத்தாள்.

கத்திப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. பையைத் துழாவி இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை அடித்துக்கொண்டாள். மூன்றாவது முறை அடிப்பதற்குள் அது கையிலிருந்து நழுவி, இருட்டில் எங்கேயோ உருண்டு போனது. நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல இருந்தது. தோளைக் கொடுத்து முழுப் பலத்தோடு கதவை இடித்தாள். வெளியே இருந்தது சற்றே நகர்ந்து, ‘ஹ்’ என்று ஒரு சத்தத்தோடு பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி இடித்தாள். மறுபடி ‘ஹ்’. சுருளுக்குள் அடைபட்ட காற்று. இடித்தாள். ‘ஹ்’.

களைத்துப்போய்க் கதவில் நெற்றியை வைத்தாள். தன் இளைப்பு தனக்கே கேட்டது. மூச்சு மேலே ஏறும்போது விசில், இறங்கும்போது கரகரப்பு. அதை அடக்க நினைத்து ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

இளைப்பு நிற்கவில்லை.

கதவுக்கு வெளியே. முழங்கால் உயரத்தில். விசில். கரகரப்பு. விசில்.

“அசோகா,” என்றாள்.

 ஒவ்வொரு சொல்லுக்கும் தனியாக மூச்சு வாங்கி, அவன் குரல் வந்தது.

“மேஸ்திரி... இன்னிக்கே முடிக்கணும்னாரு. நெடி தாங்காம... மத்தவங்கல்லாம் கீழ போய்ட்டாங்க. நீங்க உள்ள கீறீங்களான்னு... பாக்க வந்தேன்க்கா.”

அவள் இடித்ததெல்லாம் அவன் முதுகு.

மண்டியிட்டாள். இடுக்கின் ஓரத்துக்கு அவன் கை வந்தது. முழங்கை வரை மஞ்சள் பசை. வழுக்கி விழுந்து ஊன்றியிருக்கிறான். அவள் தன் கையை வெளியே நீட்டி அதைப் பிடித்துக்கொண்டாள். விரல்களோடு விரல் கோத்து. கொஞ்சம் நகர்ந்துக்கோப்பா, நான் வெளியே வந்து உன்னைத் தூக்குறேன் என்று சொன்னாள். முயன்றான். ஒரு சாண்கூட முடியவில்லை. மெதுவாக மூச்சு விடு, என்னோடு சேர்ந்து விடு என்றாள். இரண்டு விசில்களும் சேர்ந்து ஏறின. சேர்ந்து இறங்கின. ஏறின. அவனுடையது மெலிந்தது. அவள் எண்ணாமல் காத்திருந்தாள். ஒன்று வந்தது. நீளமாக. அப்புறம் வரவில்லை.

“அசோகா.”

கதவு அசைந்தது. அவள் பக்கமாக.

பிடிப்பு விட்டுப்போன உடம்பு கதவின் மேல் முழுதாகச் சாய்ந்துகொண்டிருந்தது. இடுக்கு குறைந்தது. கையை இழுத்தாள். வரவில்லை. பசை காய்ந்திருந்தது. இழுக்க இழுக்கத் தோல்தான் நீண்டது. மரக்கதவின் விளிம்பு வந்து அவள் மணிக்கட்டின் மேல் உட்கார்ந்தது. மெதுவாக. அழுத்தமாக.

வெளிச்சம் நூலாக மெலிந்தது. அந்த நூலுக்குள் அவன் தலை சரிந்து வந்து நின்றது. ஒற்றைக் கண். திறந்தபடி. அவளைப் பார்த்தபடி. விழுந்தபோது அதன் மேல் தெறித்த பசை, மெல்லிய மஞ்சள் தோலாகக் காய்ந்துகொண்டிருந்தது.