கவிழாத குழந்தைக்குப் போளி

கிலுகிலுப்பை மறுபடியும் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அதைப் பார்த்ததும் ஹைமாவுக்குப் பயம் வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. காலையில் தொட்டில் கம்பியில் நாடா போட்டு இரண்டு முடிச்சு இறுக்கியவள் அவள்தான். சிவப்பும் மஞ்சளுமாக அரக்குப் பூசிய ஏட்டிகொப்பாக்கா ஊர் மரக் கிலுகிலுப்பை அது. மாதக்கணக்கில் லாஸ்யாவின் முகத்துக்கு நேரே அதை ஆட்டி ஆட்டி ஹைமாவின் மணிக்கட்டு வலித்ததே தவிர, அந்தப் பிடிவாதக்காரி ஒரு நாளாவது கை நீட்டியிருப்பாளா! கண் மட்டும் கிலுகிலுப்பையைத் தாண்டி, அம்மாவின் தோளைத் தாண்டி, தரையோரமாக எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்.

குனிந்து எடுத்தாள். கைப்பிடி ஈரமாக இருந்தது. எச்சில். குழந்தை சப்பிப் போட்ட எச்சில், புளித்த பால் வாசனையோடு. லாஸ்யாவோ கட்டிலின் நடுவே, இரண்டு தலையணைகளுக்கு இடையில், போட்டது போட்டபடி மல்லாந்து கிடந்தாள். அவள் வாயோரம் காய்ந்திருந்தது.

லாஸ்யாவுக்குப் பத்து மாதம். மூன்றாம் மாதம் வாய் நிறையச் சிரித்தாள், எள்ளுருண்டை பிடித்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தார்கள். அதோடு சரி. கவிழ்ந்தால் போளி, வாசற்படி தாண்டினால் பாயசம், அடி எடுத்து வைத்தால் குழந்தையை மேலே நடக்கவிட்டு அதிரசம் என்று வரிசையாக வரவேண்டியது எதுவும் வரவில்லை. குண்டூரில் ஓரகத்தி மாதவியின் பையன் லாஸ்யாவைவிட எட்டு நாள் சின்னவன். அவன் நாலாம் மாதமே கவிழ்ந்து, ஆறாம் மாதம் தவழ்ந்து, ஒவ்வொன்றுக்கும் குடும்ப வாட்ஸ்அப்பில் பத்துப் பத்துப் படமாக வந்து விழுந்தான். டாக்டர் அம்மா லாஸ்யாவின் காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "இவ நல்லாத்தாம்மா இருக்கா. சில குழந்தைங்க நிதானமாத்தான் வரும். நீங்கதான் அவசரப்படறீங்க" என்றார். யார் அவசரப்பட்டது? ஹைமாவா?

ஆறாம் மாதம் முடிந்த அன்று மாமியார் சத்யவதி போன் செய்தாள். "என்ன ஹைமா, உம் பொண்ணு இன்னும் தரையை அளந்துக்கிட்டுத்தான் கெடக்கறாளா? இல்ல, போளி தட்ட உனக்குக் கை வலிக்குதா?"

ஹைமாவின் வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது. "கவுந்துட்டா அத்தை. நேத்தே கவுந்துட்டா."

சொன்னபிறகு என்ன செய்வது? லாஸ்யாவைத் தன் கையாலேயே குப்புறக் கவிழ்த்துப் படம் எடுத்து அனுப்பினாள். கடலைப்பருப்பு வேகவைத்து, வெல்லம் சேர்த்து அரைத்து, நெய் சொட்டச் சொட்டப் போளி தட்டி, அடுக்குமாடியின் பதினாலு வீட்டுக்கும் கொடுத்தாள். அன்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கட்டிலுக்கு அடியில் 'பொத்' என்று ஒரு சத்தம். அதற்கு முன்னால் ஒரு முனகல், சின்ன உடம்பு தம் பிடித்துப் புரள்கிறபோது வருகிற முனகல். குனிந்து பார்த்தாள். செருப்பும் தூசியும்தான் இருந்தன.

எட்டாம் மாதம் பாயசம். ஒரு பொய் சொன்ன வாய்க்கு இரண்டாவது பெரிய பாடா என்ன? பாயசம் கொடுத்த மறுநாளிலிருந்து அந்தச் சத்தம் படுக்கையறையை விட்டு வெளியே வந்தது. ஈர உள்ளங்கை தரையில் பதிகிற மாதிரி, சப், சப், கூடத்தைக் கடந்து, சமையலறை மூலையில் அரிசி டின் வரை. கணவன் வம்சியிடம் சொன்னாள். ரயில்வேயில் பகல் டூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவன், "எலியா இருக்கும். நீ முதல்ல நல்லாத் தூங்கு ஹைமா" என்றான். தூங்குவதாம். இவன் வந்து பார்த்துக்கொள்வானா பிள்ளையை?

அன்று, கட்டிலடியிலிருந்து எடுத்த எச்சில் கிலுகிலுப்பையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் ஹைமா அதைப் பார்த்தாள். லாஸ்யா வலது காலைத் தூக்கி இடப்பக்கம் போட்டிருந்தாள். இடுப்பு திரும்பியது. தோள் எழும்பியது. முகம் சிவந்து, மூச்சு முட்ட, பத்து மாதத்தில் முதன்முறையாகக் குழந்தை தானே கவிழப் பார்க்கிறாள்!

"என் கண்ணே! வா, வா, இன்னும் கொஞ்சம்!" என்றாள் ஹைமா.

முக்கால்வாசி திரும்பிய உடம்பு அப்படியே நின்றது. யாரோ உள்ளங்கையை மார்பில் வைத்து மெதுவாக அழுத்துகிற மாதிரி, லாஸ்யாவின் சட்டை நெஞ்சில் பள்ளமாக அமுங்கியது. பின் பக்கமாகத் தள்ளப்பட்டு மல்லாந்தாள். அதே நொடி, கட்டிலுக்கு அடியில், பொத்.

அதன்பிறகு ஒரு சிரிப்பு. லாஸ்யா சிரிக்கவில்லை.

குழந்தையை வாரிக்கொண்டு ஹைமா பால்கனிக்கு ஓடினாள். மே மாத விஜயவாடா வெயில் முகத்தில் அறைந்தது. மாமியாருக்குப் போன் போட்டாள்.

"அத்தை, போளி இன்னொரு தடவை குடுக்கலாமா? லாஸ்யா பேர்ல?"

"பைத்தியமா உனக்கு? ஒண்ணுக்கு ஒரு தடவைதான். குடுத்தது குடுத்ததுதான், வாங்கிக்கிட்டது வாங்கிக்கிட்டதுதான்."

"யாரு அத்தை வாங்கிக்கறது?"

"குழந்தைதான். வேற யாரு வாங்குவா? ஏண்டி, அவ நெசமாவே கவுந்தாளா இல்லையா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாதவியின் முகம் கண்முன்னால் வந்தது. "கவுந்தா அத்தை" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வைத்தபிறகு தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. கவிழ்வதும் போயிற்று, படி தாண்டுவதும் போயிற்று. தன் கையாலேயே நெய்யும் வெல்லமும் போட்டு, கட்டிலுக்கு அடியில் கிடக்கிற அதற்குத் தாரை வார்த்திருக்கிறாள். நடை ஒன்றுதான் மிச்சம். அதை மட்டும் விடமாட்டேன், எவள் என்ன பேசினாலும் பேசட்டும், லாஸ்யா தானாக எழுந்து நிற்கிற அன்றைக்குத்தான் இந்த வீட்டில் அதிரசம் என்று, பிள்ளையின் உச்சந்தலையில் முகத்தைப் பதித்துச் சத்தியம் செய்துகொண்டாள்.

ஆறரை மணிக்கு வம்சி வந்தான். கையில் பெரிய எவர்சில்வர் டப்பா, முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே நுழைந்ததும் படுக்கையறை வாசற்படியிலிருந்து கூடத்தின் நடுவரை புதுத் துண்டு ஒன்றை நீளமாக விரித்தான். டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து அதில் அடுக்கத் தொடங்கினான். வெல்லமும் எள்ளும் மணத்தது.

"என்னங்க இது?"

"அதிரசம். அம்மா தயாரா வச்சிருந்த மாவுல சுட்டு, குண்டூர் வண்டியில குடுத்தனுப்பினாங்க. இன்னிக்கு மத்தியானம் எனக்குப் போன் பண்ணி ஒரே நச்சரிப்பு, உம் பொண்டாட்டி பொய் சொல்றாளான்னு. உன்னை விட்டுக் குடுக்க முடியுமா? பொண்ணு நடக்கவே ஆரம்பிச்சுட்டாம்மான்னு ஒரே போடு போட்டேன். இப்ப படம் வேணுமாம். நீ லாஸ்யாவை அக்குள்ல புடிச்சு இதுமேல நிறுத்து, போதும்."

"வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

"வர வழியிலயே எல்லா வீட்டுக்கும் குடுத்துட்டேன். உனக்கு வேலை மிச்சம்."

"திருப்பி வாங்கிட்டு வாங்க!"

"என்னது?"

"ஒண்ணு விடாம வாங்கிட்டு வாங்க! போங்க! அறிவிருக்கா உங்களுக்கு? யாரைக் கேட்டுக் குடுத்தீங்க? அது என் பொண்ணோட நடை!"

பெண்டாட்டி இப்படிக் கத்தி வம்சி பார்த்ததில்லை. "சரி, சரி, கத்தாத" என்று பின்வாங்கி, செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினான். கீழ் வீட்டுக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பத்மாவதி ஆன்ட்டியின் சிரிப்பு மாடிப்படி வழியாக ஏறி வந்தது. "திருப்பி வாங்கறதா? அதான் சாப்பிட்டாச்சே தம்பி! பொண்ணு நல்லா ஓடி ஆடட்டும்!"

கரண்ட் போனது.

மின்விசிறி ஓய்ந்து ஓய்ந்து நின்றது. ஜன்னலில் மிச்சமிருந்த சாயங்கால வெளிச்சத்தில் துண்டின்மேல் பதினோரு அதிரசங்கள் எண்ணெய் மினுங்க வரிசையாக இருந்தன. ஹைமா லாஸ்யாவை இடது இடுப்பில் இறுக்கிக்கொண்டு வரிசையின் கூடத்து முனையில் நின்றாள். வெளிக்கதவு நாலு எட்டு தூரம்தான். கால் வரவில்லை.

பீரோவுக்குள் கிலுகிலுப்பை ஆடியது.

ஒரு தடவை. நின்றது. அப்புறம் பீரோவுக்கு வெளியே, படுக்கையறை இருட்டுக்குள், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஆடியது.

முதல் அதிரசம் அமுங்கியது.

மெதுவாக. நடுவில் குதிகால். முன்னால் ஐந்து சின்ன விரல்கள். எண்ணெய் பிதுங்கித் துண்டில் பரவியது. தள்ளாட்டம். இரண்டாவது அமுங்க நேரமாயிற்று. பிறகு மூன்றாவது. நான்காவது. பழகிவிட்டது. ஐந்து, ஆறு, ஏழு. கிலுகிலுப்பை கூடவே வந்தது, காற்றில், நாடா தொங்க.

"வராதே" என்றாள் ஹைமா.

பதினொன்று. அவள் கால்விரலுக்கு முன்னால்.

புளித்த பால் வாசனை.

கிலுகிலுப்பை மேலே எழுந்தது. லாஸ்யாவின் முகத்துக்கு நேரே நின்றது. லாஸ்யா அதைப் பார்த்தாள். அதைத் தாண்டி அல்ல, அதையே. வலது கை எழுந்தது. விரல்கள் விரிந்தன. மாதக்கணக்கில் ஹைமா கெஞ்சிக் காத்திருந்த அந்தக் கை நீண்டு, கிலுகிலுப்பையை வாங்கிக்கொண்டது. ஆட்டியது. வாய் நிறையச் சிரித்தாள் லாஸ்யா.

கீழே வம்சி யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஹைமாவின் நைட்டியை, முழங்காலுக்குக் கீழே, ஒரு சின்னப் பிடி பற்றியது. இன்னொரு பிடி, கொஞ்சம் மேலே. அப்புறம் இன்னொன்று. காலியாக இருந்த வலது இடுப்பில் ஒரு கனம் ஏறி, வாகாக உட்கார்ந்து, ஈரமான கையை அவள் கழுத்தில் போட்டுக்கொண்டது.