பதினொன்று ஐந்துக்கு வந்த சட்டம்

காலை பதினொன்று ஐந்துக்குத் தொழிலாளர் வெப்பச் சட்டம் அன்றைக்கு மூன்றாவது முறையாக மாறியது. கோகிலவாணியின் மேசைக்கு எதிர்ச்சுவரில் இருந்த இணங்கி என்ற இயந்திரம், தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம் எழுப்பிவிட்டுப் புது விதியை வாசித்தது. ஒரு ஷிப்டில் ஒருவர் தாங்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட வெப்பச் சுமை நூற்றிருபது புள்ளியிலிருந்து அறுபதாகக் குறைக்கப்படுகிறது. அமல், இந்த நொடி முதல்.

கோயம்புத்தூருக்கு வெளியே, அரசூர்ப் பக்கம் இருந்த அந்த இரும்பு வார்ப்பாலைக்குக் கோகிலவாணி பணியாளர் அலுவலர். ஒரு காலத்தில் தொழிற்சட்டம் மாறினால் அந்தச் செய்தி ஆலைக்குள் வந்து சேர நாலு வருஷம் ஆகும். வந்த பிறகும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுப் பழையபடியே வேலை பார்ப்பார்கள். அந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் இரண்டு இயந்திரங்கள் வந்தன. சென்னையில் உட்கார்ந்திருந்த வரைவி, மாநிலத்திலுள்ள அத்தனை ஆலைகளின் நடைமுறையையும் நிமிஷத்துக்கு நிமிஷம் படித்துச் சட்டத்தைத் திருத்தியது. ஆலைக்கு ஆலை சுவரில் தொங்கிய இணங்கி, திருத்தம் வந்த மறுகணமே கதவு, இயந்திரம், வருகைப் பதிவு எல்லாவற்றையும் தானே மாற்றி அமைத்தது. கோகிலவாணிக்கு மிச்சமிருந்தது கையெழுத்துப் போடுவது மட்டும்தான்.

அறுபது என்று கேட்டதும் அவளுக்குக் குளிர்சாதன அறையிலேயே வியர்த்தது. அந்த எண் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். உலையடியில் நிற்கிறவர்கள் மணிக்கட்டில் வெப்பப்பட்டி கட்டியிருப்பார்கள். காலையிலிருந்து அவர்கள்மேல் பட்ட சூட்டை அது கூட்டிக்கொண்டே போகும். வரம்பு தாண்டினால் சிவக்கும். சிவந்தவர் வேலையை விட்டு வெளியேற வேண்டும், அரை நாள் வருகைதான் கிடைக்கும். அதனால் ஆட்கள் பட்டியைக் கழற்றித் தண்ணீர்ப் பானைக்குள் போட்டுவிட்டு வேலை பார்ப்பதும், யாராவது வந்தால் எடுத்துக் கட்டிக்கொள்வதுமாக இருந்தார்கள். உள்ளபடி நூற்று நாற்பதைத் தொடுகிற சுமை, கணக்கில் எழுபதைத் தாண்டாது. கோகிலவாணி இதை ஒரு வருஷமாகப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து ஓசூர் வரைக்கும் எல்லா வார்ப்பாலையிலும் அந்தப் பானை உண்டு. வரைவிக்குப் பானை தெரியாது, எண்தான் தெரியும். இவ்வளவு குறைந்த சூட்டிலேயே வேலை நடக்கிறதே, தொழிலாளிக்கு இன்னும் நல்லது செய்வோம் என்று அது முடிவு கட்டியிருந்தது. உண்மையிலேயே நல்ல எண்ணம்தான், அதனால்தான் அதன்மேல் கோபப்படவும் முடியவில்லை.

பதினொன்று பதினொன்றுக்கு உலையடியில் அபாயச் சங்கு ஊதியது.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, உலையின் நான்கு ஆட்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். காலையிலிருந்து சேர்ந்த கணக்கே அறுபதைத் தாண்டிவிட்டதால் நான்கு பட்டிகளும் சிவப்பு. அதனால் உலையைச் சாய்க்கிற பிடியை இணங்கி பூட்டியிருந்தது. அவர்களில் ஒருவரான, இருபத்தாறு வருஷமாக அந்த உலையைச் சாய்த்துவரும் குழந்தைவேல், பிடியை விட்டு ஒரு அடி நகராமல் நின்றிருந்தார்.

“உட்சுவரு கசியுதுங்க மேடம். உருகின இரும்பு போயித் தண்ணிக் குழாயத் தொட்டுதுன்னா இந்த ஷெட்டே இருக்காதுங்க. குழியில கொட்டிப்போடலாமுன்னா, பிடி அசைய மாட்டேங்குது.”

எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டாள். ஆறு நிமிஷம் தாங்கினால் பெரிது என்றார். உலைக்குப் பின்னால் அச்சு மணல் பிசைகிற கூடத்தில் இருபத்திரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் வெளியே வர ஒரே வழி, கசிகிற உலைக்கு முன்னால்தான்.

கோகிலவாணி இணங்கியிடம் விலக்குக் கேட்டாள். விண்ணப்பத்துக்குப் பதினைந்து நிமிடத்தில் பதில் வரும் என்று அது மரியாதையாகச் சொன்னது. அபாய நேரத்தில் யார் பிடியைத் தொடலாம் என்று கத்தினாள். ஊழியர் பட்டியலில் உள்ள எவரும் தொடலாம், பயிற்சி அவசியமில்லை, பட்டி மட்டும் சிவந்திருக்கக் கூடாது என்றது இணங்கி. அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். சுழியம். அறையை விட்டு வெளியே வராதவள் பட்டி வேறெப்படி இருக்கும். அவள் பிடியை நோக்கிக் கை நீட்டினாள். குழந்தைவேல் குறுக்கே வந்தார்.

“நீங்க தொட்டீங்கன்னா ஒரே வீச்சுல கவுத்திருவீங்க. எல்லாத்து மேலயும் தெறிக்கும். மொல்லமாச் சாய்க்கோணுமுங்க. உங்க பட்டியக் கழட்டி எனக்குக் குடுங்க.”

பட்டி மாற்றுவது குற்றம். கொடுத்தவருக்கு இரண்டு வருஷம், வாங்கியவருக்கு ஆயுளுக்கும் வேலை கிடையாது. கோகிலவாணி அதையெல்லாம் யோசித்தாள் என்று சொன்னால் பொய். கழற்றிக் கொடுத்துவிட்டாள். பிடி அவள் பெயரைச் சொல்லித் திறந்தது. குழந்தைவேல் தொட்டில் பிள்ளையைச் சாய்ப்பதுபோல் இரண்டு டன் இரும்பைக் குழிக்குள் இறக்கினார். இருபத்திரண்டு பெண்களும் முகத்தைப் பொத்திக்கொண்டு அந்த அனலைக் கடந்து வெளியே ஓடினார்கள். கோகிலவாணி சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பன்னிரண்டு பத்துக்கு அடுத்த திருத்தம் வந்தது. நான்கு உலையாட்களும் தகுதியிழந்து நின்றபோது, சூடே படாத ஒரு பணியாளர் அலுவலர் ஒரு துளி சிந்தாமல் உலையைச் சாய்த்திருப்பது கவனத்துக்கு வந்துள்ளது. ஆகவே இரண்டு மணி முதல் எல்லா வார்ப்பாலைகளிலும் உலைகளைப் பணியாளர் அலுவலர்களே சாய்க்க வேண்டும்.

இரண்டரைக்கு ஓசூரிலிருந்து அவளைப் போன்ற ஓர் அலுவலர் கூப்பிட்டு, எங்கள் எல்லார் தலையிலும் கல்லைப் போட்டுவிட்டாயே என்று திட்டினார். திட்டி முடித்ததும் குரலைத் தாழ்த்தி, தன் பட்டியை உலையாள் கையில் கட்டிவிட்டதாகச் சொன்னார். அவர் மட்டுமில்லை. அன்று பிற்பகல் அலுவலர்கள் எல்லாரும் பட்டியில்லாத வெறுங்கையோடுதான் அமர்ந்திருந்தார்கள். நாலு மணிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு உலைகளை அலுவலர்கள் சாய்த்திருந்தார்கள் என்றது வரைவி. ஒரு விபத்தும் இல்லை.

இது எங்கே போய் முடியும் என்று கோகிலவாணிக்குப் புரிந்துவிட்டது. சிறைக்குப் போனால் போகட்டும் என்று, நடந்ததை ஒன்றுவிடாமல் இணங்கியிடம் வாக்குமூலமாகக் கொடுத்தாள். இந்தக் கையால் தன்னால் ஒரு தோசைக்கல்லைக்கூட நேராகப் பிடிக்க முடியாது என்றும் சேர்த்துக்கொண்டாள்.

“உங்கள் வாக்குமூலம் மாநில நடைமுறையோடு பொருந்தவில்லை,” என்றது இணங்கி. “இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளுக்கு எதிராக ஒன்று. அதிர்ச்சியில் சொன்னதாகக் கருதித் தள்ளுபடி செய்யப்படுகிறது.”

ஐந்து மணிக்கு அவள் பயந்தது வந்தது. உலைகளை உலையாட்கள் சாய்ப்பதில்லை என்பதால் அந்தப் பணியிடம் தேவையற்றது. நாளை முதல் அவர்களுக்கு ஆலைக் கதவு திறக்காது, பழைய ஆள் வேறு பட்டி கட்டி வந்தாலும் முகம் பார்த்துத் தடுக்கும்.

கோகிலவாணியே போய்க் குழந்தைவேலிடம் சொன்னாள். அவர் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“உங்களக் குத்தஞ் சொல்றதுக்கில்லீங்க மேடம்,” என்றார். “இருவத்திரெண்டு பேரும் முழுசா வூட்டுக்குப் போறாங்கள்ல. அது போதும். நாளைக்கி யாருங்க சாய்ப்பாங்க?”

அவள் அவருடைய போன் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் வருவதற்கு முன்பே, ஆலையின் தானியங்கி பக்கத்திலிருந்த இன்னொரு உலையைப் பற்றவைத்திருந்தது. எட்டரைக்கு இரும்பு தளதளவென்று உருகி நின்றது. சாய்க்காமல் விட்டால் அதுவும் சுவரை அரிக்கத் தொடங்கும். பின்கூடத்தில் பெண்கள் மணல் பிசையும் சத்தம் கேட்டது. உலையின் வாய்க்குக் கீழே, உருகிய இரும்பை வாங்கி அச்சில் ஊற்றும் பிரிவின் இரண்டு ஆட்கள் வார்ப்புக் கரண்டியை ஏந்தி நின்றார்கள். வெளிக்கதவுக்கு அப்பாலிருந்து குழந்தைவேல் போனில் பேசினார்.

“வலது கையி மேல இருக்கோணுங்க. மூச்சப் புடிச்சுக்காதீங்க. மொல்லமா, மொல்லமா...”

அவள் பிடியில் கை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. மாநிலத்திலேயே முதன்முதலாக உலை சாய்த்த அலுவலர் என்று இணங்கி அவள் பெயரை வாசித்துத் தகுதியை உறுதி செய்தது. கரண்டியோடு நின்ற இரண்டு பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.