தியேட்டருக்குள் ஓர் அஞ்சுநர்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் பதித்திருந்த கண்ணாடித் தகட்டில் பூங்கோதை விரலை வைத்தாள். தினமும் நடப்பதுதான். அவள் உடம்பில் போதுமான பயம் இருந்தால்தான் கதவு திறக்கும். நன்றாகத் தூங்கி, வயிறாரச் சாப்பிட்டு, நிம்மதியாக வந்து சேர்ந்த நாட்களில் கதவு அசையாது. அப்போது பக்கத்து அறையில் உட்காரவைத்து, பழைய ஆபரேஷன்கள் கெட்டுப்போன வீடியோக்களைப் போட்டுக் காட்டி, பயந்த பிறகு உள்ளே விடுவார்கள். இன்று விரல் முழுதாகப் படிவதற்கு முன்பே கதவு திறந்துகொண்டது.

"என்னக்கா, எடுத்த எடுப்புலயே தொறந்துட்டு?" என்றாள் நர்ஸ் பேச்சித்தாய். "வீட்டுல ஒண்ணும் பிரச்சினை இல்லேல்லா?"

"ஒண்ணும் இல்ல பேச்சி. பெரிய ஆபரேஷன்லா, அதான்."

பச்சைப் பொய். பேச்சித்தாய் சும்மா விசாரிக்கவில்லை. சட்டப்படி கேட்டாக வேண்டிய கேள்வி அது. சொந்தக் கவலையைச் சுமந்துகொண்டு வருகிறவர்கள் அன்றைக்குத் தியேட்டருக்குள் போகக் கூடாது. வீட்டுப்பய விடுப்பு என்று தனியாகவே ஒன்று உண்டு, எடுத்துக்கொள்ளலாம். பூங்கோதை எடுக்கவில்லை. வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது.

அவள் வேலைக்கு அரசாணையில் இருந்த பெயர் அஞ்சுநர். இங்கிலீஷில் ஃபியர் மானிட்டர். வார்டு ஊழியர்கள் செல்லமாகவும் செல்லமில்லாமலும் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி டாக்டர். படித்ததென்னவோ முழு மருத்துவப் படிப்புதான். ஆனால் அவள் வந்தது பட்டவழி. விலங்கியல் டிகிரி முடித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, முப்பது தாண்டி மெடிக்கல் காலேஜுக்குள் நுழைந்தவள். அந்த வழியாக வந்தவர்களுக்கு இந்த ஒரு வேலைதான்.

கத்தி பிடிப்பவர்கள் எல்லாரும் இளவழிக்காரர்கள். பிளஸ் டூ முடித்த கையோடு, பதினெட்டு வயது நிறைவதற்குள் சேர்ந்துவிட வேண்டும். சேர்கிற அன்றே தணிப்பு செய்துவிடுவார்கள். மூளையில் பயம் பிறக்கிற இடத்தை ஒளி பாய்ச்சி ஓயவைப்பது. ஒரு மணி நேரம்கூட ஆகாது, வலியும் கிடையாது. காரணம், இப்போதெல்லாம் இதயத்துக்குள் போவது மனிதக் கையில்லை, எண்ணக்கை. டாக்டர் நினைத்தால் நகரும் நூல்நூலான கருவிகள் அவை. அவர் நெஞ்சு லேசாகத் திடுக்கிட்டாலும் கருவி ஆடிப்போகும். பதினெட்டைத் தாண்டிய மூளையில் தணிப்பு நிற்பதில்லை.

தொடக்கத்தில் பட்டவழியையே இழுத்து மூடிவிடலாம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். பிறகுதான் ஒன்று தெரியவந்தது. பயமில்லாதவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அறுக்கக் கூடாத இடத்திலும் அமைதியாக அறுத்துக்கொண்டே போனார்கள். நோயாளிகள் செத்தார்கள். அதற்காக எந்த டாக்டரும் ஒரு ராத்திரிகூடத் தூக்கம் கெட்டதில்லை. அப்போதுதான் சட்டம் வந்தது: பயமற்ற ஒரு டாக்டர் இருக்கிற தியேட்டரில் பயப்படுகிற ஒரு டாக்டரும் நிற்க வேண்டும். அவர் கையில் அச்சமானி கட்டியிருக்கும். அதில் சிவப்பு ஏறினால் எண்ணக்கைகள் அந்த இடத்திலேயே உறைந்துவிடும். ஆபத்து என்னவென்று கண்டுபிடித்துச் சரிசெய்து, பயம் தானாக இறங்கினால்தான் அவை மறுபடி நகரும்.

இன்று பதினோரு மணிக்குப் பூங்கோதையின் ஒரே மகள் நிறைமதிக்குத் தணிப்பு. அதே வளாகத்தில், மூன்றாவது கட்டடத்தில்.

தகப்பன் இல்லாத பிள்ளை. சம்மதக் கைரேகை வைக்க வேண்டியவள் பூங்கோதை ஒருத்திதான். போன வாரம் வைத்துவிட்டாள். அதற்கு முன்னால் வீட்டில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

"டிகிரி முடிச்சிட்டு வாட்டி. என்ன அவசரம்?" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"உன் வழியில வந்தா முப்பது வயசாயிரும். கடைசியில என்ன? மூலையில நின்னு பயப்படணும். நான் ஆபரேஷன் பண்ணணும்மா. இளவழியில அஞ்சே வருசம்."

"அது உன்னையே எடுத்துட்டுப் போயிரும்ட்டி."

"பயத்தத்தான எடுக்காங்க? அது போனா நல்லதுதான?"

நேற்று ராத்திரி அந்தப் பிள்ளையே தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவை ஒட்டிப் படுத்தாள். "யம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. பூங்கோதை அவளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். விடிகிற வரைக்கும் இருவரும் தூங்கவில்லை. அந்த நடுக்கம் மகளிடமிருந்து தனக்குக் கிடைக்கிற கடைசி நடுக்கம் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. காலையில் பிள்ளையை மூன்றாவது கட்டடத்தின் வாசலோடு விட்டுவிட்டு வந்தாள். பெற்றவர்களை உள்ளே விடுவதில்லை. பயம் தொற்றிக்கொள்ளுமாம்.

மேஜையில் கிடந்தவர் காற்றாலை மெக்கானிக் இசக்கிமுத்து. இதய வால்வு கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்கிறவன் ஜெரின், இருபத்துநாலு வயது, நாகர்கோவில் பையன், இளவழி. பூங்கோதையை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நல்ல பிள்ளை. கெட்ட பிள்ளையாக இருக்கவும் கொஞ்சம் பயம் வேண்டும்போல என்று அவள் சில சமயம் நினைத்துக்கொள்வாள்.

வேலை ஒழுங்காகத்தான் போனது. திரையில் எண்ணக்கைகள் வால்வை ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டே வந்தன. பூங்கோதை திரையைப் பார்க்க முயன்றாள். கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. மணி பதினொன்றை நெருங்கியது. இப்போது தலையில் பட்டை கட்டியிருப்பார்கள். இப்போது கண்ணை மூடச் சொல்லியிருப்பார்கள். யம்மா என்று கூப்பிட்டிருப்பாளோ? கூப்பிட்டால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? வயிற்றில் புளியைக் கரைத்தது.

மணிக்கட்டில் சிவப்பு எரிந்தது. எண்ணக்கைகள் பாதித் தையலில் அப்படியே நின்றுவிட்டன.

"அக்கா, எதைப் பாத்தீங்க?" என்றான் ஜெரின். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. அவள் மேல் முழு நம்பிக்கை அவனுக்கு. "கசிவா? பின்பக்கச் சுவரா?"

அவன் ஒவ்வோர் இடமாகப் பார்த்தான். பேச்சித்தாய் ரத்த அழுத்தத்தைப் படித்தாள், அது இறங்கிக்கொண்டிருந்தது. தைக்காத பாதி வழியாக ரத்தம் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இல்லாத ஆபத்தை அவர்கள் தேடத் தேட, இருக்கிற ஆபத்து வளர்ந்தது. பூங்கோதைக்கு இப்போது இசக்கிமுத்துவை நினைத்தும் பயம். சிவப்பு இன்னும் ஏறியது.

"இன்னொரு அஞ்சுநரைக் கூப்பிடவா?" என்றாள் பேச்சித்தாய்.

"அவர் வந்து, அளவு பதிஞ்சு முடிக்கிறதுக்குள்ள இவர் போயிருவார்" என்றான் ஜெரின், மழை வரும் என்று சொல்வதுபோல.

"டாக்டர்," என்றாள் பூங்கோதை. "இவருக்கு ஒண்ணும் இல்ல. நான் எதையும் பாக்கல. என் மவளுக்குத் தணிப்பு. இந்நேரம் நடக்குது. எனக்கு அந்தப் பயம்."

பேச்சித்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெரினுக்குக் கோபம் வரவில்லை. வருத்தமும் வரவில்லை. ஒரு நொடி யோசித்தான்.

"அதை நிறுத்துனா உங்களுக்கு இறங்கிருமா?"

"இறங்கும்."

"அப்ப நிறுத்தச் சொல்லுவோம். சம்மதத்தைத் திருப்பி எடுக்க உங்களுக்கு உரிமை இருக்குல்லா?"

இருந்தது. இன்று நிறுத்தினால் நிறைமதிக்கு இளவழி என்றைக்கும் கிடையாது. அடுத்த மாதம் அவளுக்குப் பதினெட்டு நிறைகிறது. உயிருள்ளவரை அம்மாவை மன்னிக்க மாட்டாள். ஆனாலும் அந்த நேரத்தில், மேஜையில் ஒருவர் செத்துக்கொண்டிருக்கையில், பூங்கோதைக்குச் சந்தோஷம் பொங்கியது. இதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்? ஒரு உயிரைக் காப்பாற்றத்தான் நிறுத்தினேன் என்று மகளிடம் சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சந்தோஷப்பட்டதற்காகக் கூசினாள், அதையும் மீறிச் சந்தோஷப்பட்டாள்.

"நிறுத்தச் சொல்லு தம்பி. சீக்கிரம் சொல்லு."

பேச்சித்தாய் மூன்றாவது கட்டடத்தை ஸ்பீக்கரில் பிடித்தாள். பூங்கோதை கத்தியே விட்டாள். "நிறைமதியோட அம்மா பேசுதேன். சம்மதம் இல்ல. நிறுத்துங்க!"

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், சாவகாசமாக. "நிறைமதியா? அது அப்பவே முடிஞ்சிட்டே மேடம். முன்னால இருந்த பையன் வரல, அதனால உங்க பிள்ளைய சீக்கிரமே எடுத்துட்டோம். நல்லா இருக்கு. உக்காந்து இட்லி சாப்பிடுது."

பூங்கோதை மணிக்கட்டைப் பார்த்தாள். சிவப்பு மஞ்சளாகியது. மஞ்சள் பச்சையாகியது. பயப்படுவதற்கு இனி எதுவும் பாக்கி இல்லை. துக்கத்தை அளக்க அந்தக் கருவியில் நிறம் கிடையாது. எண்ணக்கைகள் விட்ட இடத்திலிருந்து நகரத் தொடங்கின.

"இறங்கிட்டு," என்றான் ஜெரின். "தேங்க்ஸ்க்கா." மனப்பூர்வமாகத்தான் சொன்னான்.

பச்சையும் அணைந்துவிட்டால் எண்ணக்கைகள் மறுபடி நின்றுவிடும். அது மங்கத் தொடங்கியபோது, இசக்கிமுத்துவின் பாதி தைத்த வால்வைப் பார்த்துப் பயந்துகொள்ளும்படி பூங்கோதை தன்னைத்தானே வற்புறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் பிழைத்தார். வெளியே காத்திருந்த அவர் மனைவி பூங்கோதையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த அம்மாளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

நிறைமதி கேண்டீனில் உட்கார்ந்திருந்தாள். காலையில் போட்ட அதே சுடிதார், அதே பின்னல். நெற்றியோரத்தில் பட்டை அழுத்திய தடம் மட்டும் சிவந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள். அவள் சிரிப்புதான், சந்தேகமில்லை. பூங்கோதைக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

"யம்மா, நிறுத்தச் சொல்லி போன் பண்ணியாமே?"

"ஆமாட்டி."

"ஏன்?"

"பயந்துட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் போதும் என்றிருந்தது. அழுதால், முகத்தைத் திருப்பிக்கொண்டால், இனி உன்னோடு பேச மாட்டேன் என்றால், எல்லாம் போதும். நிறைமதி அம்மாவின் கையைத் தன் பக்கம் இழுத்து, நாடியில் இரண்டு விரலை வைத்து, முகத்தை உற்றுப் பார்த்தாள். பார்வையில் அக்கறை இருந்தது.

"பயம் எங்க ஆரம்பிக்கும்மா? நெஞ்சிலயா, வயித்துலயா?"

கேலி செய்கிறாளோ என்று பூங்கோதை அந்த முகத்தில் தேடினாள். கேலி இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"வயித்துலட்டி," என்றாள் பூங்கோதை. "நீ இருந்த எடத்துல."

நிறைமதி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள்.